ஒரு வரிசைக்கு மட்டும் விஷம்

டூட்டிங்கிலிருந்து கிளம்பும்போது, "முந்திரிகைத் தோட்டத்திலை ஒரு அலுவல்" என்று சிவரூபினி சொன்னதைக் கேட்டு, கல்யாணசுந்தரம் வழி முழுக்க வறுத்த முந்திரியை நினைத்துக்கொண்டே வந்தான். பிரொம்லியைத் தாண்டி, வீடுகள் மெலிந்து, மேடும் பள்ளமுமாக வயல்கள் தொடங்கின. கார் ஒரு மரக் கதவின் முன் நின்றது. பனிமூட்டத்துக்குள், கம்பிகளில் கட்டிய கொடிகள் வரிசை வரிசையாகச் சரிவில் இறங்கி மறைந்தன.

"அக்கா, இது திராட்சை."

"ஓம். எங்கடை ஆக்கள் இதைத்தான் முந்திரிகை எண்டு சொல்லுறது."

"அப்ப முந்திரிய என்ன சொல்வீங்க?"

"கஜு. இப்ப வாயை மூடிக்கொண்டு இறங்கும்."

இறங்கினான். அக்டோபர் மாதத்துப் பகல், ஆனால் வெளிச்சம் பாதி வழியிலேயே மனம் மாறித் திரும்பிப் போய்விட்டது போலிருந்தது. மலையடிவாரத்தில் ஒரு சிவப்பு பஸ் ஊர்ந்து போகும் சத்தம் மட்டும் கேட்டது. லண்டன் அங்கேதான் எங்கேயோ இருக்கிறது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

சிவரூபினி இருபது வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்களை மோப்பம் பிடித்தவள். இப்போது அப்பர் டூட்டிங் ரோட்டில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். கல்யாண் கும்பகோணத்துக்காரன். ஐ.டி. வேலை போன சமயம் அவளுடைய கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வந்து, பேசிப் பேசியே உதவியாளனாக ஒட்டிக்கொண்டவன்.

அவர்களை அழைத்திருந்தவர் ஸ்ரீஸ்கந்தராஜா. பெட்ரோல் நிலையங்கள் நடத்திய மனிதர். எல்லாவற்றையும் விற்றுவிட்டு இந்தச் சரிவை வாங்கிக் கொடி நட்டார். சொந்தபந்தம் சிரித்தது. இப்போது அதே சொந்தபந்தம் கலியாண வீடுகளுக்கு அவருடைய சிவப்பு வைனைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் போகிறது.

"மருந்து ஒரு சொட்டில்லை, செயற்கை உரம் ஒரு பிடியில்லை. கொடி நட்ட நாளிலையிருந்து இந்த நிலத்தை நான் உழுததுமில்லை, தங்கச்சி. மண்ணைக் கிளறினால் மண்ணுக்குள்ள இருக்கிற உயிர் செத்துப்போம்" என்று சொல்லிக்கொண்டே அவர் முன்னால் நடந்தார். "இப்ப இதைப் பாருங்கோ."

கல்யாண் பார்த்தான். பார்த்தவுடன் ஏனோ ஒரு அடி பின்வைத்தான்.

மற்ற எல்லா வரிசைகளின் காலடியிலும் முழங்கால் உயரத்துக்குப் புல்லும் காட்டுப்பூவும் மண்டிக் கிடந்தன. தோட்டத்தின் நட்ட நடுவே ஒரே ஒரு வரிசையில் மட்டும் புல் செத்துக் கிடந்தது. யாரோ ஒரு நெருப்புக் கட்டையை நேர்கோடாக இழுத்துக்கொண்டு போனது போல, மேலிருந்து கீழ் வரை ஒரே பழுப்பு.

"சித்திரையிலை ஒருக்கா இப்பிடிக் கருகினது. மழைக்குப் புல்லு திரும்ப முளைச்சுது. ஆவணியிலை ஆரோ திரும்பவும் அடிச்சுப் போட்டினம். களைநாசினி. இயற்கை விவசாயம் எண்டு ஓகானிக் சேர்ட்டிபிக்கட் குடுக்கிற ஆக்கள் அடுத்த கிழமை வருகினம். ஆர் செய்தது எண்டு காட்டினால்தான் எனக்கு விமோசனம்."

"ஆரிலை சந்தேகம், அண்ணை?"

"பக்கத்துக் காணிக்காரன். குதிரை வளக்கிறவன். எங்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான்."

அவருக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி மகள் செல்வமலர். நாற்பதை நெருங்கியவள், வைன் செய்வது அவள்தான். அறுவடைக் காலமாதலால் மணிக்கட்டு வரை கைகள் கருஞ்சிவப்பாகச் சாயமேறிப் போயிருந்தன. மற்றவன் அவளுடைய கணவன் றொஜன். விற்பனை அவன் பொறுப்பு. பளபளப்பான கோட், பளபளப்பான காலணி. சேற்றைப் பகையாளியைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் அப்பவே சொன்னனான், மாமா" என்றான் றொஜன். "மண் தோண்டுற டிக்கரை விட்டு இந்த ஒரு வரிசையைக் கிண்டி எறிஞ்சுபோட்டு, புதுசா நடுவம்."

"டிக்கரை ஆர் ஓட்டுறது? உமக்குக் காரைப் பின்னுக்கு எடுக்கவே தெரியாது. மலரெல்லோ அதையும் ஓட்டோணும்" என்றார் மாமனார்.

"கொடியிலை ஒரு பிழையுமில்லை" என்றாள் செல்வமலர். குரல் உயரவில்லை. "அதைத் தொட வேண்டாம்."

கணவன் வாயை மூடிக்கொண்டான். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்த வீட்டில் சத்தம் போடாமலே காரியம் நடக்கிறது என்று கல்யாண் மனதில் குறித்துக்கொண்டான்.

மூவரும் வீட்டுப் பக்கம் நடந்ததும் சிவரூபினி கருகிய வரிசையின் ஓரத்தில் குந்தினாள்.

"என்ன தெரியுது, சொல்லும்."

"பக்கத்து நிலத்துக்காரர் பாவம், அவரை விட்டுடலாம். வெளியாள்னா வேலியோரம் அடிச்சிட்டு ஓடியிருப்பான். இவன் இத்தனை வரிசையைத் தாண்டி நடுவுல வந்து நிதானமா அடிச்சிருக்கான். விஷம் வாக்கிங் வந்த மாதிரி இருக்கு."

"இன்னும்?"

கல்யாண் குனிந்து கொடிகளைப் பார்த்தான். தண்டில் ஒரு புள்ளி இல்லை. தாழ்ந்து தொங்கிய இலைகளில்கூடத் துளி கருகல் இல்லை.

"புல்லுக்கு விஷம் வச்சவன் கொடிக்குக் குடை பிடிச்சிருக்கான்."

சிவரூபினியின் உதட்டோரம் சிரிப்புப் போல ஒன்று வந்து மறைந்தது. "சரி. தோட்டத்தை நாசமாக்க வந்தவனுக்குக் கொடியிலை என்ன பாசம்? அடுத்தது. ஒருக்கா அடிச்சாலே சேர்ட்டிபிக்கட் போயிடும். ரண்டாந்தரம் ஏன் அடிச்சவை?"

"முதல் தரம் யாரும் பாராட்டலையோ என்னவோ."

அவள் வரிசை நெடுகச் சரிவில் இறங்கினாள். அவன் பின்னால் போனான். பனி இன்னும் கனத்திருந்தது. பறவைகளுக்காகக் கட்டிய வலைகள் ஈரத்தில் தொய்ந்து தொங்கின. பாதி தூரத்தில் ஏதோ வெள்ளையாக அவன் காலில் இடறியது. சாக்கட்டி. சின்னச் சின்னத் துண்டுகளாக அங்கே மட்டும் சிதறிக் கிடந்தது. ஒன்றை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தவன், கொடிகளைப் பார்த்தான்.

பருவம் முடியும் நேரம். தோட்டம் முழுக்க இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறிக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் மட்டும் நான்கு கொடிகள் கரும்பச்சையாக, கொழுகொழுவென்று நின்றன.

"அக்கா, இங்க பாருங்க. இந்த நாலு பேர் மட்டும் பந்தியில ரெண்டாவது தடவை உட்கார்ந்துட்டாங்க."

திரும்பிப் பார்த்த சிவரூபினி அசையாமல் நின்றாள். கொடிகளைப் பார்த்தாள். பிறகு கீழே, மண்ணை. அவளுடைய முகத்திலிருந்து ரத்தம் வடிந்து போனதைக் கல்யாண் பார்த்தான். அவளோடு வேலை செய்த காலத்தில் அந்த முகத்தை அவன் பார்த்ததில்லை.

"என்னாச்சு?"

"ஒண்டுமில்லை. மேலை போவம். உந்த இடத்திலை மிதிக்காமல் வாரும்."

வீட்டை ஒட்டி ஒரு பழைய மாட்டுத் தொழுவம். பாதி நிலத்துக்குள் இறங்கியிருந்த அதைத்தான் வைன் அறையாக மாற்றியிருந்தார்கள். உள்ளே பெரிய மின்விசிறி ஒன்று ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது; முற்றத்தில் பேசுவதென்றால் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. அதைக் கடந்து, விருந்தினர்கள் வைன் ருசி பார்க்கும் கூடத்தில் ஸ்ரீஸ்கந்தராஜா தேநீரோடு காத்திருந்தார். சுவர்த் தட்டில் போத்தல்கள். லேபலில் தமிழ் எழுத்தில் பெரிதாக ஒரு பெயர்: சயந்தன்.

"ஆர் சயந்தன்?" என்று கேட்டாள் சிவரூபினி.

"என்ரை மகன். மலருக்கு இளையவன். இந்தத் தோட்டம் அவனுக்குத்தான் எண்டு போன வருசம் பேரைப் போட்டு லேபலும் அடிச்சு வைச்சனான்."

"வைன் செய்றது உங்க பொண்ணுதானே, சார்?" என்றான் கல்யாண்.

"ஓம். அவள் கெட்டிக்காரி. நாலு இடத்திலை பரிசு வாங்கினவள். ஆனாலும் ஆம்பிளைப் பிள்ளை எண்டு ஒருத்தன் இருக்கேக்கை..." கையை விரித்தார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாத விஷயம் என்பது போல.

"அவர் இப்ப எங்கை?"

கிழவரின் முகம் சுருங்கியது. "அவுஸ்திரேலியா. போன வருச அறுவடை முடியிற நேரம், லண்டனும் வேண்டாம் தோட்டமும் வேண்டாம் எண்டு வெளிக்கிட்டுட்டான். எனக்கு ஒரு போன் கோல் இல்லை. தமக்கைக்கு மட்டும் இடைக்கிடை மெசேஜ் போடுவானாம். அப்பனிலை என்ன கோவமோ தெரியாது." தேநீரை வாய்வரை கொண்டுபோய்க் குடிக்காமலே கீழே வைத்தார். "நானாப் போய்க் கெஞ்சுறதோ, தங்கச்சி? நான் கேக்கேல்லை."

சிவரூபினி கூடத்தை விட்டு வெளியே வந்ததும் கல்யாணின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அந்தக் களைநாசினிக் கானைத் தேடும். எறிஞ்சிருக்க மாட்டினம்."

"ஏன்?"

"புல்லு திரும்ப முளைக்கும். திரும்ப அடிக்கோணும். வருசக்கணக்கா அடிக்கோணும். தனியா ஆரோடையும் கதைக்கப் போகாதேயும். கண்டவுடனை எனக்குச் சொல்லும்." சொல்லிவிட்டு அவள் மறுபடி கூடத்துக்குள் போனாள்.

தேட வேண்டியிருக்கவில்லை. முற்றத்தின் மறுகோடியில் றொஜனின் கார் பின்கதவு திறந்தபடி நின்றது. வைன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தவன் போனில் பேசியபடி அப்பால் நகர்ந்திருந்தான். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு சூப்பர்மார்க்கெட் பை. பைக்குள் பாதி காலியான பிளாஸ்டிக் கான். மூடியில் மண்டையோட்டுப் படம்.

பளபளப்புக் காலணிக்காரா, என்று கல்யாண் மனதுக்குள் சிரித்தான். போட்டோ எடுத்து சிவரூபினிக்கு அனுப்பினான். 'மாப்பிள்ளை காரில் சரக்கு. கேஸ் குளோஸ். மதியச் சாப்பாடு ஈஸ்ட் ஹாமா டூட்டிங்கா?' என்று கீழே எழுதினான். இரண்டு நிமிடத்தில் அவள் கூடத்திலிருந்து வெளிப்பட்டு றொஜனை நோக்கி நடப்பதைப் பார்த்தான். இனி அவன் பாடு. கல்யாண் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு, வெற்றி பெற்றவனின் சோம்பல் நடையில் முற்றத்தைக் கடந்தான்.

தொழுவத்தின் வாசலில் செல்வமலர் நின்றாள்.

"முடிஞ்சுதோ உங்கடை விசாரணை?"

"முடிஞ்ச மாதிரிதான் மேடம்." அவள் கணவனைப் பற்றி அவளிடமே சொல்லக் கூச்சமாக இருந்தது. பேச்சை மாற்றப் பையில் கைவிட்டான். விரலில் சாக்கட்டி தட்டுப்பட்டது. "உங்க தோட்டத்துல திராட்சைதான் விளையுதுன்னு நினைச்சேன். சாக்பீஸ்கூட விளையுதே!"

உள்ளங்கையில் வைத்து நீட்டினான். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கை எடுத்தனீங்கள்?"

"கருகின வரிசையில. நாலு கொடி மட்டும் பச்சையா நிக்குதே, அங்க."

"உங்கடை அக்காட்டைக் காட்டினீங்களோ?"

"இல்ல, பாக்கெட்ல போட்டு மறந்தே போயிட்டேன்."

செல்வமலர் தலையை அசைத்தாள். சாயமேறிய விரல்களால் அந்தத் துண்டை மெதுவாக எடுத்துத் தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். நல்ல சிரிப்பு. முகமே மாறிவிட்டது.

"வைன் எப்பிடி வருகுதெண்டு நீங்கள் இன்னும் பாக்கேல்லையே. வாங்கோ, காட்டுறன்."

உள்ளே போனார்கள். சுவரோரமாக ஆள் உயரத்துக்கும் மேலான உருக்குத் தொட்டிகள் வாய் திறந்து நின்றன. இனிப்பும் புளிப்புமாக ஒரு நெடி. அவள் வாசலருகே எதையோ தட்டினாள். காதை அடைத்துக்கொண்டிருந்த இரைச்சல் சட்டென்று நின்றது.

"அப்பாடா" என்றான் கல்யாண். "இப்பதான் மனுஷன் பேசறது கேக்குது."

"ஓம். அமைதியா இருந்தால்தான் அது கொதிக்கிற சத்தம் கேக்கும். ஏணியிலை ஏறுங்கோ. மேலை தொப்பி மாதிரி மிதக்கிறது தோல். அதுதான் நிறம் குடுக்கிறது. கிட்டக் குனிஞ்சு மணந்து பாருங்கோ."

ஏறினான். கரிய தோல்கள் நுரைத்து மேலெழும்பி, வெடித்து, அமுங்கி, மறுபடி எழும்பின. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் காதோடு காதாகப் பேசுவது போன்ற சத்தம். அவன் குனிந்தான். சோடா மூக்கில் ஏறியது போல் சுருக்கென்றது. கண்ணில் நீர் வந்தது. ஒரு நகைச்சுவை சொல்ல வாயெடுத்தான், சொல் வரவில்லை. மூச்சை இழுத்தான், மூச்சு வந்தது, ஆனால் அதில் எதுவுமே இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஏணியைப் பிடித்திருந்த கை யாருடைய கையோ போலத் தெரிந்தது.

தலையைத் திருப்பினான். திறந்த வாசலில், வெளிக்காற்றுப் படும் இடத்தில் அவள் நின்றாள். மேலங்கியின் கையை மூக்கில் வைத்து மூடியிருந்தாள். அடுப்பில் வைத்த பால் பொங்குகிறதா என்று பார்க்கும் பொறுமையோடு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே ஒரு பலகை. விசிறி ஓடாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்ததை அவன் அப்போதுதான் வாசித்தான். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. முழங்கால் மடங்கியது.

விசிறி மறுபடி உறுமியது அவனுக்குக் கனவில் போலக் கேட்டது. யாரோ கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார்கள். முதுகு ஏணிப்படிகளில் இடித்துக்கொண்டே வந்தது. ஈரப் புல் கன்னத்தில் பட்டது.

"மூச்சை இழும்! கல்யாண், மூச்சை நல்லா இழும்!"

இழுத்தான். இருமினான். வாந்தி எடுத்தான். சிவரூபினியின் முகம் மேலே ஆடியது. பக்கத்தில் றொஜன், கோட்டெல்லாம் சேறு.

"ஃபான் நிண்டது அங்கை கேட்டுது" என்றாள் அவள், மூச்சு வாங்க. "திராட்சை கொதிக்கேக்கை வாற வாயு. காத்தைத் தள்ளிப்போட்டு அது இருந்துகொள்ளும். வருசா வருசம் வைன்காரர் ஆரோ ஒருத்தர் இதிலை சாகினம். ஃபானை நிப்பாட்டிற ஆள் மடையனா இருக்கோணும், இல்லாட்டி..."

"மாப்பிள்ளைதானே..." கல்யாண் றொஜனை நோக்கி விரலைத் தூக்கப் பார்த்தான்.

"நான் அடிக்கேல்லை" என்றான் றொஜன். அழும் குரல். "நேற்றுத்தான் அந்தக் கானை வைன் அறைக்குள்ளை, பீப்பாய்களுக்குப் பின்னாலை கண்டனான். அதுக்குள்ளை மலரைத் தவிர ஒருத்தரும் போறேல்லை. மாமாவிலை இருக்கிற கோவத்திலை அடிச்சிருக்கிறாள் எண்டு நினைச்சன். அவர் காணுறதுக்கு முதல் எங்கையாவது எறிவம் எண்டுதான்..."

செல்வமலர் ஓடவில்லை. வாசலிலேயே நின்றாள். சத்தம் கேட்டு வீட்டிலிருந்து வந்த ஸ்ரீஸ்கந்தராஜா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"தங்கச்சி, மருந்தடிச்சது ஆர் எண்டு தெரிஞ்சுதோ?"

சிவரூபினி எழுந்தாள். கைகளில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தாள்.

"அண்ணை, முதலிலை ஒண்டு சொல்லுங்கோ. போன வருசத்துக்குப் பிறகு சயந்தன்ரை குரலைக் கேட்டனீங்களோ? நீங்கள் வேண்டாம், இந்த வீட்டிலை ஆராவது கேட்டிச்சினமோ?"

கிழவர் மகளைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். இல்லை என்று றொஜன் தலையசைத்தான்.

"இந்த நிலத்தை ஒருநாளும் உழுததில்லை எண்டு சொன்னீங்கள். இந்த மலையிலை மேல்மண் ஒரு முழம்தான். அதுக்குக் கீழை வெள்ளைச் சாக்கட்டிப் பாறை. உழாத நிலத்திலை, ஒரே ஒரு இடத்திலை மட்டும் அது மேலை வந்து கிடக்குது. அடி ஆழத்திலை இருந்ததை ஆரோ கிண்டி மேலை கொண்டு வந்திருக்கினம். உரமே போடாத அந்த இடத்துக் கொடி நாலும் மட்டும் இன்னும் பச்சையாக் கொழுத்து நிக்குது; கீழை எதையோ புதைச்சிருக்கினம்." ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். "கிண்டி மூடின இடத்திலை புல்லு வேறை மாதிரி முளைக்கும். தூரத்திலையே தெரியும். அந்த இடத்தை மட்டும் கருக்கினால் அதுவும் கண்ணிலை குத்தும். வரிசை முழுக்கக் கருக்கினால் ஒருத்தருக்கும் அந்த இடம் தெரியாது. உங்களுக்குப் பக்கத்துக் காணிக்காரன் ஞாபகத்துக்கு வருவான். கொடிக்கு ஒண்டும் வராமல் பாத்துப் பாத்து அடிச்ச ஆளுக்குக் கொடிதான் உயிர். டிக்கர் ஓட்டத் தெரிஞ்ச ஆள். அந்த வரிசையைக் கிண்ட வேண்டாம் எண்டு சொன்ன ஆள்."

ஸ்ரீஸ்கந்தராஜா சரிவின் பக்கம் திரும்பினார். பனிக்குள் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நான் தள்ளேல்லை, அப்பா" என்றாள் செல்வமலர்.

அவள் தன் சாயமேறிய கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"லேபல் வந்த அண்டைக்கு அவன் ஒரு போத்தலைக் கொண்டு உள்ளை வந்தவன். 'அக்கா, என்ரை வைன் எப்பிடி இருக்கு?' எண்டு கேட்டான். பகிடிக்குத்தான் கேட்டிருப்பான். தானாத்தான் ஏணியிலை ஏறினவன். நான் ஃபானைப் போடேல்லை. அவ்வளவுதான் நான் செய்தது." அவளுடைய குரல் அப்போதும் உயரவில்லை. "பன்னிரண்டு அறுவடை, அப்பா. ஒண்டிலையும் நீங்கள் என்ரை பேரைப் போடோணும் எண்டு நினைக்கேல்லை."

"மெசேஜ்?" என்றான் றொஜன். "எனக்குக் காட்டினியே, பிள்ளையளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினானே..."

"அவன்ரை போன் என்னட்டைத்தான் இருக்கு."

றொஜன் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

போலீஸ் வந்தது. ஆம்புலன்ஸும் வந்தது. கல்யாணின் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் போட்டுக் கம்பளியால் சுற்றி, முற்றத்துப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கீழே, கருகிய வரிசையின் நடுவில் வெள்ளைக் கூடாரம் ஒன்று எழும்புவது பனிக்குள் மங்கலாகத் தெரிந்தது. வெள்ளை உடை போட்டவர்கள் மண்வெட்டிகளோடு இறங்கிப் போனார்கள். சிவரூபினி அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆரோடையும் தனியாக் கதைக்க வேண்டாம் எண்டு சொன்னனான்" என்றாள். வேறெங்கோ பார்த்தபடி அவனுடைய கம்பளியை இழுத்துச் சரிசெய்தாள்.

மாஸ்க்குக்குள் அவன் வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். வேடிக்கையாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

செல்வமலரைக் காருக்கு அழைத்துப் போனார்கள். கைவிலங்கு மாட்டியபோது அந்தச் சாயமேறிய கைகளைப் பெண் போலீஸ் ஒரு கணம் தயங்கிப் பார்த்தாள். கார்க் கதவருகே செல்வமலர் நின்றாள். அவள் திரும்பியது அப்பாவிடம் அல்ல, கணவனிடம்.

"மூண்டாவது தொட்டியை நாளைக்குப் பிழியோணும். விட்டால் கசந்துபோம். வெப்பத்தைப் பாத்துக்கொள்ளுங்கோ."

றொஜன் தலையை நிமிர்த்தவில்லை. கதவு மூடிக்கொண்டது. கார் மரக் கதவைத் தாண்டிப் பனியில் கரைந்தது.

அதுவரை சிலையாக நின்ற ஸ்ரீஸ்கந்தராஜா அப்போதுதான் அசைந்தார். யாரையும் பார்க்காமல் தொழுவத்துக்குள் போனார். சிவரூபினி பதறி எழுந்தாள். விசிறியின் உறுமல் கேட்டதும் அப்படியே நின்றாள். உள்ளே இரும்பு இரும்போடு உரசும் சத்தம். ஒரு தொட்டியின் அடிக்குழாயை அவர் முழுக்கத் திறந்துவிட்டார். பிறகு அடுத்தது. பிறகு அதற்கடுத்தது.

பாதி வைனாகியிருந்த சாறு வாசற்படியைத் தாண்டி முற்றத்துக்கு வந்தது. காவலுக்கு நின்ற இளம் போலீஸ்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் காலைத் தூக்கிக்கொண்டான். யாரும் கிழவரைத் தடுக்கவில்லை. கருஞ்சிவப்பாக, நுரையோடு, கற்களின் இடுக்கில் வழி கண்டுபிடித்துக்கொண்டு அது சரிவில் இறங்கி, கூடாரம் இருந்த பக்கமாக ஓடத் தொடங்கியது.